புகை ஏன் அறைக்குள் திரும்புகிறது? சிம்னி மேஸ்திரி பதில்கள்

குளிர் தொடங்குவதற்கு முன் கணப்பு, புகைபோக்கி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஆசிரியர் குழு அறிவித்திருந்தது. வந்த கடிதங்களை என்னிடம் கொடுத்தார்கள். நான் குன்னூர்க்காரன். 16 வயதில் அப்பாவுக்குச் சித்தாளாகச் சாரம் ஏறினேன். 36 வருடமாகச் சிம்னி வேலைதான் பிழைப்பு. ஊட்டியில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா காலத்திலிருந்தே இந்த மலையில் புகைக்கூண்டு வைத்த வீடுகள் உண்டு. இன்று அவற்றைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் குறைந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேஸ்திரி ஐயா, எங்களுடையது தாத்தா காலத்து வீடு. 2 வருடம் முன்பு வரை கூடத்துக் கணப்பு நன்றாக எரிந்தது. இப்போது மூட்டிய பத்தாவது நிமிடம் கூடம் முழுக்கப் புகை. சிம்னியை இடித்துப் புதிதாகக் கட்ட 2 லட்சம் ஆகும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். இடிக்கலாமா? (இந்த 2 வருடத்தில் சிம்னியை யாரும் தொடவில்லை. ஜன்னல்களை மாற்றியது, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தது மட்டும்தான் நாங்கள் செய்த வேலை.) – வாசகி, ஊட்டி

இடிக்காதீர்கள் அம்மா. அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருக்கும் வரியில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய மர ஜன்னல் எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் காற்று வரும். அந்த இடுக்குகளை நம்பித்தான் அந்தக் காலத்துக் கணப்பு எரிந்தது. சூடான புகை மேலே போகப் போக, அதே அளவு காற்று வீட்டுக்குள் வந்தாக வேண்டும். நீங்கள் யுபிவிசி ஜன்னல் போட்டு ரப்பர் வைத்து அடைத்துவிட்டீர்கள். அதற்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. வீட்டுக்குக் காற்று வர மிச்சம் இருக்கும் ஒரே வழி சிம்னிதான். அந்த வழியாகக் காற்று இறங்கும்போது புகையும் கூடவே இறங்குகிறது.

இன்று மாலையே சோதித்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு, கணப்பு இருக்கும் கூடத்திலேயே ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். விறகு மூட்டுவதற்கு முன் ஒரு ஊதுவத்தியைக் கணப்பின் வாயில் பிடியுங்கள். புகை உள்ளே போய் மேலேறினால் இழுப்பு இருக்கிறது. உங்கள் முகத்துக்கு வந்தால் இழுப்பு இல்லை. அப்படி வந்தால் இரண்டு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, சிம்னித் தொண்டைக்கு அடியில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கூண்டுக்குள் கனமான காற்று உட்கார்ந்திருக்கும். அது கொஞ்சம் சூடேறி நகர்ந்த பிறகுதான் விறகில் தீ வைக்க வேண்டும். எங்கள் அப்பா இதைச் ‘சிம்னியை எழுப்புவது’ என்பார்.

ஜன்னலைத் திறந்ததும் புகை நின்றுவிட்டால் சிம்னியில் குறை இல்லை. வெளிச்சுவரில் ஒரு துளை போட்டு, வலை வைத்த நாலு அங்குலக் குழாயைக் கணப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுங்கள். மூடித் திறக்க ஒரு மூடியும் இருக்கட்டும். அரை நாள் வேலை.

ஜன்னல் திறந்தும் புகை வந்தால் அடுத்து டேப்பை எடுங்கள். கணப்பு வாயின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்குங்கள். சிம்னிக்குள் புகை போகும் துளையின் நீள அகலத்தையும் அதேபோல் பெருக்கிப் பரப்பைக் கண்டுபிடியுங்கள். வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது துளை இருக்க வேண்டும். சிம்னி குட்டையாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு. உதாரணமாக வாய் 36 அங்குல அகலம், 28 அங்குல உயரம் என்றால் 1,008 சதுர அங்குலம். துளை 9க்கு 9 என்றால் 81தான். போதாது. ஆனால் இதற்கும் இடிக்க வேண்டியதில்லை. வாயின் மேல் ஓரத்தில் 6 அங்குல அகலத் தகடு ஒன்றைக் குறுக்கே பொருத்தினால் உயரம் 22 ஆகிவிடும். 36ஐ 22ஆல் பெருக்கினால் 792. இப்போது 81 போதும். முதலில் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் தொங்கவிட்டு, எந்த உயரத்தில் புகை நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பித்தளையிலோ இரும்பிலோ அழகாகச் செய்து மாட்டலாம்.

இன்னொன்று. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். சென்னையில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் நமக்கு இங்கே. காற்று இளைத்திருப்பதால் சிம்னியின் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். கீழே கட்டிப் பழகிய ஆட்கள் அதே அளவில் இங்கே கட்டிவிட்டு, ஏன் இழுக்கவில்லை என்று தேடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இங்கே துளையும் உயரமும் ஒரு பிடி கூடுதலாகவே இருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் புகை வந்தால் மட்டும் ஒரு ஆளை மேலே ஏற்றி, கண்ணாடி பிடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பார்க்காமல் இடிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஐயா, கொடைக்கானலில் எங்கள் ஓட்டு வீட்டுச் சிம்னியில் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகல். 3 தடவை சிமென்ட் பூசியாயிற்று. பூச்சு பாளம் பாளமாக விழுகிறது, செங்கல்லும் உதிர்கிறது. என்னதான் செய்வது? – வாசகர், கொடைக்கானல்

சிமென்ட் பூசுவதை நிறுத்த வேண்டும். இதை நான் சொல்லக் காரணம் உண்டு. 22 வயதில் முதன்முதலாகத் தனியாகப் பிடித்த வேலையில் நானும் இதே தவறைச் செய்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களா. சுண்ணாம்புக் கட்டு. செங்கல்லுக்கு நடுவே கலவை நிரப்பிய சந்துகள் உளுத்திருந்தன. நல்ல கெட்டியான சிமென்ட் கலவையாகப் போட்டு, வழவழவென்று பூசிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு குளிர்காலம் கழித்துப் போனால் என் பூச்சு அப்படியே நிற்கிறது, அதற்குப் பின்னால் செங்கல் மாவாகியிருக்கிறது. கையால் தோண்டினால் வருகிறது. அந்தச் சிம்னியைக் கூரைக்கு மேலே முழுவதும் பிரித்து என் கூலியிலேயே கட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அப்பா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. சுண்ணாம்பு நீற்றும் தொட்டியின் முன்னால் என்னை உட்காரவைத்தார்.

நடந்தது இதுதான். பழைய செங்கல் மிருதுவானது, ஈரத்தைக் குடிக்கும். சுண்ணாம்புச் சந்து அந்த ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியாகத் தண்ணீர் போகும், உள்ளேயே தங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும். செங்கல்லின் முகம் பெயர்ந்து விழுவது அதனால்தான்.

செய்ய வேண்டியது: சிமென்ட் பூச்சை முழுக்கத் தட்டி எடுங்கள். உளியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தட்ட வேண்டும். கிரைண்டரை வைத்து அறுத்தால் செங்கல் விளிம்பு போய்விடும். சந்துகளை ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகக் கழுவுங்கள். நன்றாக நீற்றிப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் 3 பங்கு. அந்த மணலில் கொஞ்சத்துக்குப் பதிலாகச் செங்கல் தூளைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். அப்பா கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில்தான் குழைப்பார், நானும் அப்படித்தான். சந்தை நனைத்துவிட்டு, கலவையை அழுத்தித் திணியுங்கள். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயவிடாமல் பாருங்கள். அவசரப்பட்டால் வெயிலில் வெடித்துவிடும். வேலையைப் பிப்ரவரிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பனியும் மழையும் ஈரச் சுண்ணாம்புக்கு ஆகாது.

ஆனால் ஒழுகலுக்குச் சந்து மட்டும் காரணமாக இருக்காது. சிம்னியின் தலையையும், கூரையோடு அது சேரும் இடத்தையும் பாருங்கள். தலையில் இருக்கும் கான்கிரீட் மூடி, சுவரைவிட நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அந்த நீட்டலுக்கு அடியில், ஓரத்தை ஒட்டி, விரல் அகலத்தில் ஒரு பள்ளக் கோடு இருந்தால் தண்ணீர் சுவர் பக்கம் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும். பெரும்பாலான வீடுகளில் மூடியைச் சுவர் மட்டத்துக்கு நறுக்கியதுபோல் விட்டிருப்பார்கள். மழை முழுவதும் செங்கல் மேலேயே வழியும்.

கூரை சேரும் இடத்தில் ஓட்டுக்கும் சிம்னிக்கும் நடுவே சிமென்ட்டை அணைத்து வைத்திருப்பார்கள். வெயிலில் ஓடு ஒரு மாதிரி விரியும், சிம்னி வேறு மாதிரி விரியும். ஒரே வருடத்தில் பிளந்துவிடும். அங்கே தகடுதான் வேண்டும். படிப்படியாக வெட்டிய தகட்டை ஒவ்வொரு சந்திலும் ஒரு அங்குலம் செருகி, ஓட்டின் மேல் படியும்படி மடக்க வேண்டும். பழைய பங்களாக்களில் ஈயத் தகடு போட்டிருக்கிறார்கள், இன்னும் இருக்கிறது. ஈயம் கட்டுப்படியாகாவிட்டால் கெட்டியான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு போடுங்கள். வெறும் அலுமினியம் வேண்டாம், ஈரச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் அதை அரித்துவிடும். சிம்னி இரண்டரை அடிக்கு மேல் அகலம் என்றால் அதன் மேல்சரிவுப் பக்கம் தண்ணீர் தேங்கும். அங்கே சின்னதாக ஒரு முதுகுக் கூரை கட்டித் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிடுங்கள்.

எங்கள் காட்டேஜில் போன வாரம் இரவு சிம்னிக்குள் மலை ரயில் என்ஜின் பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு இரைச்சல். வெளியே ஓடிப் பார்த்தால் மேலே தீப்பொறி பறக்கிறது. 20 நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது. மறுநாள் வழக்கம்போல் எரிகிறது. கவலைப்பட வேண்டுமா? – காட்டேஜ் நடத்துபவர், குன்னூர்

தயவுசெய்து இன்றிலிருந்து அந்தக் கணப்பை மூட்டாதீர்கள். உங்களுக்கு நடந்தது சிம்னித் தீ.

ஈர விறகு எரியும்போது நெருப்பின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். எரியாத புகை மேலே போய், குளிர்ந்த சுவரில் தாராகப் படியும். முதலில் கரித்தூள், பிறகு செதில், கடைசியில் பளபளவென்று உருக்கி ஊற்றியதுபோல் கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு பற்றிக்கொண்டால் சிம்னிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நீங்கள் கேட்ட இரைச்சல் அது காற்றை இழுக்கும் சத்தம். அடங்கியது தார் தீர்ந்ததால்தான். உள்பூச்சு விரிந்து, செங்கல் சந்து விட்டிருக்கலாம். அந்த விரிசல் பரணில் கூரையைத் தாங்கும் கை மரத்துக்கு நேரே இருந்தால், அடுத்த தடவை சாதாரணத் தீயே போதும், கூரை பிடித்துவிடும்.

இனி ஒருமுறை இரைச்சல் கேட்டால் முதலில் எல்லோரையும் வெளியேற்றுங்கள். போகிற போக்கில் முடிந்தால் கணப்புக்குக் காற்று போகும் வழிகளைச் சாத்துங்கள். 101க்குப் போன் செய்யுங்கள். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த செங்கல் மேல் தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும், எழும் ஆவி ஆளை வேகவைத்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது, முழுச் சிம்னியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, கயிற்றில் விளக்கும் கேமராவும் இறக்கி அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது. அப்புறம் புகைச் சோதனை: கீழே ஈரச் சாக்கும் வைக்கோலும் போட்டுப் புகையவிட்டு, மேல் வாயை மூடி, பரணிலும் பக்கத்து அறைகளிலும் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஓரிரு இடத்தில் கசிந்தால் பூசலாம். நெடுக விட்டிருந்தால் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குவதுதான் வழி. 316 தரம் கேளுங்கள்.

விறகு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சீகை (வாட்டில்) அல்லது கற்பூர மரம் (யூகலிப்டஸ்). இரண்டும் நன்றாக எரியும், காய்ந்திருந்தால். வெட்டிப் பிளந்து, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்கள் திறந்து, குறைந்தது 6 மாதம் அடுக்கி வைக்க வேண்டும். கற்பூர மரம் ஒரு வருடம் கேட்கும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம். ஈரமானி வைத்திருந்தால் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டேஜில் தங்குபவர்கள் சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கணப்பில் போடுவார்கள். பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டியும், பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பும் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் என்பது வீட்டுக்காரர் கணக்கு. தினமும் எரிக்கிற காட்டேஜுக்குக் குளிர்காலத்தின் நடுவிலும் ஒருமுறை வேண்டும். உள்சுவரில் கரி 3 மில்லிமீட்டர் தடித்துவிட்டால் தேதி பார்க்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

குளிருக்குப் படுக்கை அறையில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டு வைக்கிறோம். புகையே வருவதில்லை. இரவு முழுவதும் வைக்கலாமா? – வாசகர், கோத்தகிரி

வைக்கவே கூடாது. ஐந்து நிமிடம்கூட வேண்டாம். கரியில் புகை வராது என்பதுதான் அதன் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. லேசாகத் தலை வலிக்கும், குமட்டும், உறக்கம் வரும். குளிரில் வரும் உறக்கம் என்றே நினைப்பீர்கள். எங்கள் மலையில் இப்படிப் படுத்து எழுந்திருக்காதவர்கள் உண்டு. ஒரு வீட்டுக்கு மறுநாள் காலை சிம்னி வேலைக்காகப் போய், அந்த வாசலில் நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். கணப்பு உள்ள வீட்டிலும், கங்கு முழுக்க அணையும் முன், புகை வழியை மூடும் சிம்னித் தட்டைச் சாத்தக் கூடாது. அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

கோத்தகிரியில் புது வீடு கட்டுகிறோம். கூடத்தில் விறகுக் கணப்பு வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வரைபடத்தில் சிம்னி வெளிச்சுவரில் இருக்கிறது. எதையெல்லாம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்? – இளம் தம்பதி

முடிந்தால் சிம்னியை வீட்டுக்குள், நடுச்சுவருக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சுவரில் நிற்கும் சிம்னிக்கு மூன்று பக்கமும் குளிர். மூட்டும்போதெல்லாம் மல்லுக்கட்ட வேண்டும், தாரும் சீக்கிரம் படியும். உள்ளே இருந்தால் தீ அணைந்த பிறகும் அந்தச் சுவர் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். அம்மாவின் கட்டில் அந்தச் சுவரின் மறுபக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளலாம்.

அடித்தளம் தனி. 9 அங்குலத் துளை, சுற்றிலும் 9 அங்குலச் சுவர் என்றால் வெளிப்புறம் 27 அங்குலச் சதுரம். 20 அடி உயரத்துக்கு அதன் எடை 5 டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தரைக் கான்கிரீட் மேல் நிறுத்தினால் இறங்கும், சாயும். வீட்டுச் சுவரோடு விரிசல் விடும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். 10 அடி தூரத்துக்குள் முகடோ தண்ணீர்த் தொட்டியோ மரமோ எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று முகட்டைத் தாண்டிப் புரண்டு சிம்னிக்குள் விழும். சரிவில் கட்டுகிறீர்கள் என்றால் மேல் பக்கத்து மேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கணப்பின் வடிவத்தில் கொத்தனாரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆழமான பெட்டி மாதிரி கட்டினால் சூடு எல்லாம் மேலே போய்விடும். ரம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் 1790களிலேயே லண்டனில் இதைச் சரிசெய்து காட்டினார். ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களை விரித்துச் சாய்த்தார், புகை போகும் தொண்டையை 4 அங்குலமாகச் சுருக்கினார். அறைக்குச் சூடும் வந்தது, புகையும் நின்றது. நான் இன்றும் அந்த வடிவத்தில்தான் கட்டுகிறேன். தொண்டைக்கு மேலே பின்பக்கம் ஒரு தட்டு விட வேண்டும். மேலிருந்து இறங்கும் குளிர்காற்று அதில் மோதித் திரும்பும்.

நெருப்பு படும் இடத்தில் சூட்டைத் தாங்கும் செங்கல்லான ஃபயர் பிரிக்கும் அதற்கான களிமண் கலவையும்தான். சந்து எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாதாரண சிமென்ட் கலவை அந்தச் சூட்டில் ஒரே வருடத்தில் உதிர்ந்துவிடும். புகைத் துளைக்குள் சுட்ட மண் குழாயோ எஃகுக் குழாயோ வையுங்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் துளையின் உள்ளே சுண்ணாம்போடு மாட்டுச் சாணம் சேர்த்துப் பூசுவார்கள். நம் பாட்டிகள் அடுப்பு மெழுகியது போலத்தான். கணப்புக்கு முன்னால் தரையில் 20 அங்குலமாவது கல் பாவ வேண்டும், மரத்தரையை அதற்கு அப்பால் தொடங்குங்கள்.

கடைசியாக, பரணில் எந்த மரச்சட்டமும் சிம்னிச் சுவரைத் தொடக் கூடாது. 2 அங்குல இடைவெளி. தச்சரும் கொத்தனாரும் வேறுவேறு நாளில் வருவதால் இதை யாரும் கவனிப்பதில்லை. கூரை மூடுவதற்கு முன் நீங்களே ஏணி வைத்து ஏறிக் கையை விட்டுப் பாருங்கள்.

சமையலறை மின்சாரச் சிம்னியின் குழாயைப் பழைய கணப்புச் சிம்னிக்குள் விட்டுவிடலாமா? சுவரை உடைக்கும் வேலை மிச்சம். – வாசகி, குன்னூர்

வேண்டாம் அம்மா. எண்ணெய்ப் பிசுக்கு விறகுக் கரியோடு சேர்ந்தால் தீப்பந்தம் மாதிரி. அதற்குத் தனித் துளை போட்டு நேரே வெளியே விடுங்கள்.

சிம்னிக்குள் ஏதோ சீறுகிறது. கூகை என்று நினைக்கிறோம். புகை போட்டு விரட்டலாமா? – வாசகர், ஊட்டி

புகை போடாதீர்கள். பெரும்பாலும் குஞ்சுகள்தான் அப்படிச் சீறும், அவற்றால் பறக்க முடியாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, குஞ்சுகள் வெளியேறும்வரை வேறு அறையில் இருங்கள். பிறகு கூட்டை எடுத்து, மேல் வாயில் கம்பி வலை வைத்த தொப்பி மாட்டுங்கள். வலைக்கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் கரி அடைத்துக்கொள்ளும், கட்டைவிரல் நுழைகிற அளவு சரியாக இருக்கும். தேன்கூடு இருந்தாலும் இதே பதில்தான். தீ மூட்டினால் மெழுகு உருகிக் கணப்புக்குள் வடியும்.

அண்ணா, நான் பொள்ளாச்சிப் பக்கம். உங்கள் மலைக் கணப்பு எங்களுக்குக் கிடையாது. ஆனால் மாமியாரும் நானும் விறகு அடுப்பில்தான் சமைக்கிறோம். கேஸ், டீ போட மட்டும். அடுப்புக்குப் பின்னால் 4 அங்குலக் கல்நார்க் குழாய் வைத்து ஓட்டுக்கு வெளியே ஒரு அடி விட்டிருக்கிறது. புகை முக்கால்வாசி சமையலறையிலேயே நிற்கிறது. மாமியாருக்குத் தீராத இருமல். – வாசகி

தங்கச்சி, இந்தக் கடிதத்தை முதலில் வைத்திருக்க வேண்டும். வருடத்தில் இரண்டு மாதம் எரியும் கணப்பைவிட, மூன்று வேளையும் எரியும் அடுப்பின் புகைதான் உயிரைக் குடிக்கும். மாமியாரை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடு. சமையலை வெளியே செய்ய முடிந்த நாளில் வெளியே செய்.

குழாய் 4 அங்குலம் போதும். குறை மற்ற இடங்களில். வெளியே ஒரு அடி போதாது, ஓட்டின் சரிவை ஒட்டிவரும் காற்று திருப்பி அனுப்பும். 3 அடியாவது உயர்த்த வேண்டும். மழைத் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அடுத்தது, பாத்திரம் அடுப்பு வாயில் இடுக்கில்லாமல் உட்காருகிறதா என்று பார். இடுக்கு இருந்தால் குழாய் அந்த வழியாக வெறும் காற்றை இழுத்துவிட்டுப் புகையை உள்ளே விட்டுவிடும். களிமண்ணால் வாயைப் பாத்திரத்துக்கு ஏற்ற மாதிரி மெழுகிச் சரிசெய். மூன்றாவது கரி. தேங்காய் மட்டையும் பாளையும் எரிக்கிற வீட்டில் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடியில் மூடி போட்ட ஒரு வாய் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டி எடு.

கல்நார்க் குழாயை அறுக்கவோ உலர்ந்தபடி தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும். மாற்றும்போது நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றச் சொல். பதிலுக்கு இரும்புக் குழாய் வையுங்கள். ஆனால் இரும்பு சூடேறும், ரீப்பரும் கை மரமும் ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாவிட்டால் குழாயைச் சுற்றிச் செங்கல் கட்டிவிடுங்கள்.

அடுப்பையே மாற்ற முடிந்தால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவாக்கிய அஸ்த்ரா ஒலே மாதிரி கேட்டுப் பார். ஒரே தீயில் 3 பாத்திரம் வைக்கலாம், புகைபோக்கி அதிலேயே சேர்ந்தது. விறகும் குறையும்.

பத்தாவது முடித்துவிட்டுக் கொத்து வேலைக்குப் போகிறேன். சிம்னி வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கே கற்கலாம்? – 19 வயது, கூடலூர்

இதற்கென்று பள்ளிக்கூடம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை தம்பி. வேலை செய்கிறவர் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவது ஆளுக்கு வேலை இருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்கிறேன். கரியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 1775லேயே லண்டனில் பெர்சிவால் பாட் என்ற அறுவை மருத்துவர், சிறு வயதிலிருந்து சிம்னிக்குள் ஏறித் துடைத்தவர்களுக்குப் புற்றுநோய் வருவதைக் கரியோடு சேர்த்து எழுதினார். அதற்குப் பிறகும் நூறு வருடம் அங்கே சின்னப் பையன்களை உள்ளே அனுப்பினார்கள். 11 வயது ஜார்ஜ் ப்ரூஸ்டர் சிம்னிக்குள் சிக்கி இறந்த பிறகு, 1875இல் வந்த சட்டம்தான் அதை நிறுத்தியது. எங்கள் அப்பாவும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். கடைசிக் காலத்தில் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். என் ஆட்கள் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் கணப்புக்குள் தலையை விடக் கூடாது, வேலை முடிந்து குளிக்காமல் சாப்பிடக் கூடாது.

பிப்ரவரி கடைசியில் குன்னூரில் ஒரு பழைய வீட்டுக்குச் சாரம் கட்டுகிறோம். நாலு கணப்பு, ஒரே சிம்னித் தொகுதி, முழுக்கச் சுண்ணாம்பு வேலை. பத்திரிகை அலுவலகத்தில் என் எண் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொண்டு பேசு. வரும்போது பழைய முழுக்கைச் சட்டை இரண்டு எடுத்துக்கொண்டு வா. கவசம் நான் தருகிறேன்.